ரயில் பாஸ்: வாங்கலாமா, வேண்டாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வெளிநாட்டு ரயில் பாஸ் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரிதான் போட்டிருந்தோம். முலுண்ட், செம்பூர், டோம்பிவலி, வாஷி என்று மும்பைத் தமிழர்கள் எழுதித் தள்ளிவிட்டார்கள். எல்லாக் கடிதங்களுக்கும் இங்கே இடமில்லை. பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டேன். மாட்டுங்காவில் பயணச்சீட்டு அலுவலகம் நடத்துகிறவள் நான். பாஸ் விற்பதும் என் தொழிலில் ஒரு பகுதி. ஆனாலும் வாங்க வேண்டாம் என்று தோன்றிய இடத்தில் வேண்டாம் என்றே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் ஏப்ரலில் ஜப்பான் போகிறோம். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. டோக்கியோ, கியோட்டோ, ஹிரோஷிமா, திரும்பவும் டோக்கியோ. கேட்டவர்கள் எல்லோரும் ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸ் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கட்டுமா? – வாசகி, முலுண்ட்

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. உங்களுக்கு யோசனை சொன்னவர்கள் பெரும்பாலும் பழைய விலை இருந்தபோது போய்வந்தவர்களாக இருப்பார்கள். 2023 அக்டோபருக்கு முன்னால் ஏழு நாள் சாதாரண வகுப்புப் பாஸ், வெளிநாட்டிலிருந்தே வாங்கினால், 29,650 யென். அப்போது டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே முக்கால்வாசிக்கு மேல் காசு வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அந்த அக்டோபரில் அதை ஒரே அடியாக 50,000 யென் ஆக்கினார்கள். பதினான்கு நாள் பாஸ் 80,000, இருபத்தொரு நாள் பாஸ் 1,00,000. மூத்தவர்களுக்கென்று தள்ளுபடியும் கிடையாது.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் குறுக்கே வருகிறது. லோக்கல் ரயிலுக்கு மாத சீசன் எடுக்கும்போது நாம் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சீசன் எப்போதும் லாபம்தான். வெளிநாட்டு ரயில் பாஸ் அப்படியில்லை. தாளும் பேனாவும் எடுத்து, ஒவ்வொரு பயணத்துக்கும் தனி டிக்கெட் எவ்வளவு என்று எழுதிக் கூட்டிய பிறகுதான் பாஸ் பக்கமே திரும்ப வேண்டும்.

உங்கள் பயணத்தையே எழுதிப் பார்ப்போம். டோக்கியோ–கியோட்டோ, ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் ரிசர்வ் இருக்கையோடு ஏறக்குறைய 14,000 யென். கியோட்டோ–ஹிரோஷிமா 11,000க்குக் கொஞ்சம் மேலே. ஹிரோஷிமா–டோக்கியோ 19,000 சொச்சம். கூட்டினால் தலைக்கு 45,000 யென் சுமார். பாஸ் 50,000. நரிட்டா விமான நிலைய எக்ஸ்பிரஸையும் இரண்டு வழிக்கும் சேர்த்தால் சரிக்குச் சரியாக வரும், அவ்வளவுதான்.

சரிக்குச் சரி என்றால் வாங்கிவிடலாமே என்பீர்கள். அதிலும் ஒரு சிக்கல். அந்தத் தடத்தில் ஓடும் ரயில்களிலேயே வேகமானது நொசோமி. அடிக்கடி இருப்பதும் அதுதான். பாஸ் வைத்திருப்பவர் அதில் ஏற வேண்டுமானால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். டோக்கியோ–கியோட்டோவுக்கு 4,960 யென். கட்டாவிட்டால் ஹிகாரியில் போக வேண்டும். ஹிகாரி நல்ல ரயில்தான். கியோட்டோவுக்கு நொசோமி இரண்டேகால் மணி நேரத்தில் போகும், ஹிகாரி இரண்டு மணி நாற்பது நிமிடம் எடுக்கும். அந்த வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் ஹிரோஷிமாவிலிருந்து டோக்கியோ திரும்பும்போது நொசோமி நேரே நான்கு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். பாஸோடு வந்தால் நடுவில் ஒரு ரயில் மாற வேண்டியிருக்கும். பெட்டியோடு, முழங்கால் வலியோடு மாறுவது யாருக்குச் சுகம்?

நீங்கள் செய்யக்கூடியது இது. விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லையென்றால், டோக்கியோவில் இறங்கி ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்புகிற மாதிரி எடுங்கள். டோக்கியோ–கியோட்டோவுக்குத் தனி டிக்கெட், நொசோமியிலேயே போகலாம். அதன்பிறகு மேற்கு ஜப்பான் ரயில்வே விற்கும் கன்சாய்–ஹிரோஷிமா வட்டாரப் பாஸ். ஐந்து நாளைக்கு 17,000 யென். ஷின்-ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா வரை ஷின்கான்சென் இதில் அடக்கம். அந்தத் தூரத்தில் நொசோமியும் உண்டு. மியாஜிமா தீவுக்குப் போகும் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) படகு, கன்சாய் விமான நிலையத்துக்குப் போகும் ஹாருகா எக்ஸ்பிரஸ் எல்லாம் சேர்த்தி. கியோட்டோவுக்கும் ஷின்-ஒசாகாவுக்கும் நடுவே மட்டும் ஷின்கான்செனில் ஏறக்கூடாது. அந்தத் துண்டு வேறு கம்பெனியுடையது, சாதாரண ரயிலில் அரைமணிக்குள் வந்துவிடலாம். ஆக மொத்தம் தலைக்கு 31,000 யென். இருவருக்கும் சேர்த்து முழுப் பாஸைவிட 38,000 யென் மிச்சம். வந்த வழியே டோக்கியோவுக்குத் திரும்பும் ஒரு நாளும் மிச்சம்.

அப்படியானால் முழுப் பாஸ் யாருக்கு? வடக்கே ஹகோடாட்டே வரை போய், அதே வாரத்தில் கியோட்டோவும் பார்க்க நினைக்கிறவர்களுக்கு. டோக்கியோவிலிருந்து ஷின்-ஹகோடாட்டே ஒரு வழிக்கே 23,000 யென்னுக்கு மேல் ஆகும். அவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் உங்கள் வயதில் இருப்பவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பாஸ் வாங்கிவிட்டோமே, காசு வீணாகிவிடக் கூடாதே என்று தினமும் விடியற்காலையில் எழுந்து ஓடாதீர்கள். இப்படி ஓடிவிட்டு வந்து, ரயில் ஜன்னலைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை என்று என் மேசை முன்னால் உட்கார்ந்து வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும். கியோட்டோவில் ஒரு நாள் ரயிலே ஏறாமல் இருந்தால் அது நஷ்டமில்லை.

கியோட்டோ போகும்போது வலது பக்க ஜன்னலில், ஈ (E) வரிசையில் இடம் கேளுங்கள். வானம் தெளிந்திருந்தால் புறப்பட்டு முக்கால் மணி நேரத்தில் ஃபூஜி மலை அந்தப் பக்கம்தான் வரும்.

கேள்வி: என் மகன் டோக்கியோவில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். அவனும் இந்திய பாஸ்போர்ட்தானே வைத்திருக்கிறான். எங்களோடு சேர்த்து அவனுக்கும் ஜப்பான் பாஸ் எடுத்துவிடலாமா? – வாசகர், செம்பூர்

பதில்: முடியாது. இந்த வகைப் பாஸ்களில் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பது மட்டும் போதாது. எந்தத் தகுதியில் அந்த நாட்டுக்குள் இருக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். வெளிநாட்டவர்களைப் பொறுத்தவரை, ஜப்பான் ரயில் பாஸ் "தற்காலிக வருகையாளர்" என்ற தகுதியில் நுழைந்தவர்களுக்கு மட்டும்தான். உங்கள் மகன் வேலை விசாவில் அங்கே குடியிருக்கிறார். அவர் அங்கே வசிக்கும் மற்றவர்களைப் போலத் தனி டிக்கெட்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் இருவருக்கும் தடையில்லை. ஆனால் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் சிறிய ஸ்டிக்கரை, அந்த மேசையை விட்டு நகர்வதற்கு முன்பே ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ் கொடுக்கும் கவுன்டரில் முதலில் அதைத்தான் தேடுவார்கள். கவுன்டரில் இருக்கும் ஊழியர் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டி, ஸ்டிக்கரைக் கண்டுபிடித்து, பெயரை நீங்கள் இங்கே வாங்கிய மாற்றுச் சீட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, எந்தத் தேதியிலிருந்து வேண்டும் என்று காலண்டரைத் திருப்பிக் காட்டுவார். அந்தத் தேதியில் அவசரப்படாதீர்கள். சீட்டைப் பாஸாக மாற்றிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எந்த நாளிலும் தொடங்கலாம். தொடங்கிவிட்டால் ஏழு நாளும் தொடர்ச்சியாக ஓடும். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு ஏறினாலும் அது ஒரு முழு நாள் கணக்கு. டோக்கியோவில் மகன் வீட்டில் இருக்கும் நாட்களை முன்னாலேயே கழித்துவிட்டு, ஊரை விட்டுக் கிளம்பும் நாளில் தொடங்குங்கள்.

இந்தியாவில் முகவரிடம் வாங்கினால் கையில் வருவது பாஸ் அல்ல, மாற்றுச் சீட்டு. அதைக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானில் பாஸாக மாற்ற வேண்டும். ஆகவே ஆறு மாதம் முன்னதாக வாங்கி வைக்காதீர்கள். தொலைத்தால் மறுபடி தர மாட்டார்கள், பர்ஸில் பத்திரம்.

கேள்வி: நம் ஊர்ப் பெரிய பெட்டியை புல்லட் ரயிலில் ஏற்றலாமா? – வாசகி, மாட்டுங்கா

பதில்: ஏற்றலாம், ஆனால் வீட்டிலேயே அளந்துவிட்டுக் கிளம்புங்கள். பிளவுஸ் அளவெடுக்கும் டேப் போதும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சக்கரம், கைப்பிடி உள்பட அளந்து கூட்டுங்கள். 160 செ.மீ.க்குள் இருந்தால் கவலையில்லை. 160க்கு மேல் 250 வரை என்றால் டோக்கைடோ, சான்யோ, கியூஷு ஷின்கான்சென்களில் பெட்டி வைக்கும் இடத்தோடு சேர்ந்த இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. முன்பதிவு செய்யாமல் ஏற்றினால் 1,000 யென் கேட்பார்கள். அந்த இடம் ரயில் பெட்டியின் கடைசி வரிசைக்குப் பின்னால் இருக்கும். ஒரு ரயில் பெட்டியில் இப்படிச் சில இருக்கைகள்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நாம் விமானத்தில் போடும் 28 இன்ச் பெட்டி இந்த 160க்குக் கொஞ்சம் கீழேயோ மேலேயோ நிற்கும். பிராண்டுக்கு பிராண்ட் மாறும். அதனால்தான் டேப் எடுக்கச் சொல்கிறேன்.

கேள்வி: மகள் மியூனிக்கில் வேலை பார்க்கிறாள். எனக்கு 62 வயது. ஒரு மாதம் அவளோடு தங்கப் போகிறேன். சால்ஸ்பர்க், வியன்னா, வெனிஸ், பாரிஸ் இருவரும் சேர்ந்து பார்க்க ஆசை. யூரெயில் பாஸ் எடுக்கச் சொல்கிறாள் தோழி. இன்டர்ரெயில் என்கிறாள் மகள். எது சரி? – வாசகி, டோம்பிவலி

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி. யூரெயில், ஐரோப்பாவுக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு, 1959இல் வந்தது. இன்டர்ரெயில், ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு, 1972இல் வந்தது. நீங்கள் யூரெயில், மகள் இன்டர்ரெயில். இங்கேயும் பாஸ்போர்ட்டின் நிறம் முக்கியமில்லை, வீட்டு முகவரிதான். இரண்டும் 33 நாடுகளில் செல்லும், ஏறப்போவதும் ஒரே ரயில்தான், பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம். அவளுக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு: தான் குடியிருக்கும் ஜெர்மனிக்குள் பாஸைக் கிளம்பிப் போக ஒருமுறை, திரும்பி வர ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். உங்களுக்கு 60 தாண்டியதால் மூத்தோர் தள்ளுபடி பத்து சதவீதம் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

ஒரு மாதத்துக்குள் விரும்பிய நான்கு, ஐந்து அல்லது ஏழு நாட்களில் பயணம் செய்யும் பாஸ் இருக்கிறது. மகள் வீட்டில் தங்கி நடுநடுவே கிளம்பும் உங்களுக்கு அதுதான் பொருத்தம். தொடர்ச்சியாக ஓடும் பாஸ் வேண்டாம். ஒரு பயண நாள் என்றால் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, அதற்குள் எத்தனை ரயிலும் ஏறலாம். வியன்னாவிலிருந்து வெனிஸுக்கு நைட்ஜெட் இரவு ரயிலில் போனால், நள்ளிரவுக்குப் பின் வேறு ரயில் மாறாத வரை, கிளம்பிய நாள் மட்டுமே கணக்கு. படுக்கைக்குத் தனிக் கட்டணம்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பாஸ் கையில் இருந்தால் எல்லா ரயிலிலும் ஏறி உட்காரலாம் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து உள்ளூர் ரயில்களில் பெரும்பாலும் அது உண்மை. பிரான்சின் டி.ஜி.வி., இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, ஸ்பெயினின் அதிவேக ரயில், பாரிஸ்–லண்டன் யூரோஸ்டார் ஆகியவற்றில் பாஸோடு இருக்கை முன்பதிவும் கட்டாயம். அதற்குப் பணமும் உண்டு. பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடங்களும் அளவானவை. பாரிஸ் பயணத்தின் தேதி முடிவான அன்றே இருக்கையைப் போட்டுவிடுங்கள். யூரோஸ்டாரில் பாஸ்காரருக்கே 30 யூரோவுக்குக் குறையாமல் ஆகும், அதையும் கணக்கில் சேருங்கள்.

சால்ஸ்பர்க்குக்கு ஒரு பயண நாளைச் செலவழிக்காதீர்கள். பவேரிய மாநிலத்துக்கென்று பயர்ன் டிக்கெட் என்று ஒன்று விற்கிறார்கள். ஒரு நாள் முழுக்க வட்டார ரயில்களில் செல்லும், சால்ஸ்பர்க் நிலையம் வரை செல்லுபடியாகும், ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் போகலாம். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் ஏற வேண்டும். நீங்களும் மகளும் ஒரு சனிக்கிழமை போய் அன்றே திரும்பலாம்.

பாஸ் இப்போது ஃபோனில் வருகிறது. ஒவ்வொரு ரயிலையும் ஏறுவதற்கு முன்னால் செயலியில் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் உட்கார்ந்தால் டிக்கெட் இல்லாதவர் கணக்கில் வைத்துவிடுவார்கள். மகளை விட்டு இரண்டு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். மூன்றாவது முறை நீங்களே செய்யுங்கள், அவள் கை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. எல்லா இடத்திலும் நான் இனிஷியல் போட்டுத்தான் எழுதுவேன். பாஸில் எப்படிப் போடுவது? – வாசகர், சயான்

பதில்: பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி, எழுத்து மாறாமல். வழக்கமாக எழுதும் இனிஷியல், வங்கிக் கணக்கில் உள்ள பெயர், ஆதாரில் உள்ள பெயர் எதையும் பார்க்க வேண்டாம். பாஸை எந்த நாட்டில் சோதித்தாலும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பாஸ்போர்ட்டைத்தான். வட இந்தியப் பெயர்களுக்குப் பழகிய அலுவலகங்களில் நம் பெயரை முன்பின்னாக மாற்றி அடித்துவிடுவது சகஜம். பணம் கட்டும் முன் திரையைத் திருப்பச் சொல்லி நீங்களே படித்துப் பாருங்கள். குடும்பப் பெயர் இடம் காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால், எப்படி நிரப்ப வேண்டும் என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

கேள்வி: ஐந்து நாள் சுவிட்சர்லாந்து. சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தால் எல்லா மலைக்கும் இலவசமா? – வாசகர், வாஷி

பதில்: இல்லை. ரயில், பஸ், ஏரிப் படகு, ஊருக்குள் டிராம், ஐந்நூறுக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்கள் எல்லாம் அடக்கம். மலை ரயில்களில் ரிகி, ஸ்டான்சர்ஹார்ன், ஸ்டூஸ் மாதிரி சிலதான் முழு இலவசம். பெரும்பாலானவற்றுக்குப் பாதிக் கட்டணம். எல்லோரும் ஆசைப்படும் யுங்ஃப்ராவ்யோக்குக்கு, கிரிண்டல்வால்டோ வெங்கனோ வரைதான் பாஸ். அதற்கு மேலே 25 சதவீதத் தள்ளுபடி மட்டுமே. மீதிப் பணம் கணிசமானது.

என்னைக் கேட்டால் ரிகிக்குப் போங்கள் என்பேன். லூசெர்னில் படகு ஏறி விட்ஸ்னாவ் துறையில் இறங்கினால், எதிரிலேயே பற்சக்கர ரயில் நிற்கும். 1871இல் ஓடத் தொடங்கியது, ஐரோப்பாவின் முதல் மலைப் பற்சக்கர ரயில் அது. தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடுவதைக் குனிந்து பார்க்கலாம். படகும் ரயிலும் பாஸிலேயே, ஒரு காசு கூடுதலாகக் கிடையாது.

ஐந்து நாள் பாஸ் என்று ஒன்று இல்லை. மூன்று, நான்கு, ஆறு, எட்டு, பதினைந்து என்றுதான் விற்கிறார்கள். வந்திறங்கும் நாளில் ஹோட்டலோடு நின்றுவிடுவீர்கள் என்றால் நான்கு நாள் போதும். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெற்றோருடன் வந்தால் இலவசக் குடும்ப அட்டை உண்டு, வாங்கும்போதே கேளுங்கள். மலைக்காட்சி பார்க்கவென்றே ஓடும் கிளேசியர் எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவுக் கட்டணம் தனி. அதே தண்டவாளத்தில் சாதாரண வட்டார ரயில்களும் ஓடுகின்றன. அதே மலை, அதே பாலம், முன்பதிவு வேண்டாம், ஜன்னலையும் திறக்கலாம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். ஷின்கான்செனில் சாப்பாடு கொண்டுபோய்ச் சாப்பிடலாமா? – வாசகி, முலுண்ட்

பதில்: தாராளமாக. இருக்கையில் தட்டு மடக்கி வைத்திருப்பார்கள். நொசோமியிலும் ஹிகாரியிலும் தள்ளுவண்டி விற்பனையை 2023 அக்டோபர் முடிவோடு நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் உள்பட ஏறும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். நிலையத்துச் சாப்பாட்டுப் பெட்டிகளில் காய்கறி மட்டும் தெரிந்தாலும் மீன் சாறு சேர்ந்திருக்கும். புளியோதரையோ தேப்லாவோ கையில் இருந்தால் நிம்மதி. நகரத்துக்குள் ஓடும் நெரிசல் ரயில்களில் மட்டும் யாரும் சாப்பிடுவதில்லை. நாமும் பிரிக்க வேண்டாம்.

கேள்வி: பினாங்கிலிருந்து என் அத்தை குடும்பம் டிசம்பரில் மும்பை வருகிறது. இங்கிருந்து சென்னை, மதுரை, ராமேஸ்வரம். முன்பு வெளிநாட்டவர்களுக்கு இண்ட்ரெயில் பாஸ் என்று இருந்ததே, இப்போதும் உண்டா? – வாசகர், செம்பூர்

பதில்: இல்லை, 2017இல் நிறுத்திவிட்டார்கள். டாலரில் பணம் கட்டி, ஒரு நாள் முதல் தொண்ணூறு நாள் வரை எடுக்கலாம் என்று இருந்த அந்தப் பாஸ் போனதில் எனக்கு இன்றும் வருத்தம். முன்னோர் ஊரைத் தேடி வரும் மலேசிய, மொரீஷியஸ் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரே சீட்டில் ஊர் ஊராக இறங்கி ஏற அது வசதியாக இருந்தது. ரயில்வே அதை வேறு வடிவிலாவது திரும்பக் கொண்டுவர வேண்டும்.

இப்போது இருப்பது வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் ஒதுக்கீடு. நமக்கு 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் முன்னதாகத்தான் முன்பதிவு. அவர்களுக்கு 365 நாள் முன்னதாக. டிசம்பர் கூட்டத்தில் இது பெரிய உதவி. எல்லா ரயிலிலும் எல்லா வகுப்பிலும் இந்த ஒதுக்கீடு இருக்காது. எந்த ரயிலில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பத் தேதியை வையுங்கள். தேதியை முடிவு செய்துவிட்டு ரயிலைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். வந்த பிறகு எடுப்பதென்றால் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) நிலையத்திலும் சர்ச்கேட்டிலும் வெளிநாட்டவர் கவுன்டர் இருக்கிறது. அசல் பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்பார்கள், நகல் போதாது. அத்தையையே அழைத்துப் போங்கள்.

மும்பையில் சுற்றும் நாட்களுக்கு லோக்கல் ரயிலில் ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் சுற்றுலா டிக்கெட் இருக்கிறது. மேற்கு, மத்திய, ஹார்பர் மூன்று தடங்களிலும் செல்லும். எந்த நிலையக் கவுன்டரிலும் கேட்கலாம். முதல் வகுப்பிலேயே எடுத்துக் கொடுங்கள். பினாங்கிலிருந்து வருபவர்களைக் காலை எட்டரை மணிக்கு குர்லாவில் இரண்டாம் வகுப்பில் ஏற்றிவிட வேண்டாம்.